கான அரசி ஹீராபாய் பரோடேகர்

உத்தியோகத்தை நாடிப் புனே நகருக்கு வந்து சேர்ந்த நம்மவர் பலருக்கு இவ்வூர்ச் சங்கீதம் எளிதில் பிடிபடுவதில்லை. ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் பாடுகிறார்களே, பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று நாமும் ஒரு காலத்தில் கேட்டவர்களே. அந்த மயக்கத்தைப் போக்க ஹீராபாய் அம்மையாரின் பழைய இசைத்தட்டு ஒன்று போதும். மூன்றே நிமிஷத்தில் ராகம் முழு உருவத்தோடு நம் முன் வந்து நிற்கும்.

அம்மையார் 1905ஆம் ஆண்டு மீரஜ் நகரில் தோன்றினார். தந்தையார், கிராணா வழிச் சங்கீதத்தின் தலைமகனான உஸ்தாத் அப்துல் கரீம் கான். தாயார் தாராபாய், பரோடா அரண்மனையைச் சார்ந்த குடும்பத்தினர். சமயம் கடந்த அக்காதல் மணம் நெடுநாள் நீடிக்கவில்லை. தாராபாய் குழந்தைகளுடன் பிரிந்து சென்றார். அவர்களுக்கு வேறு பெயர்களும் சூட்டினார். சம்பாகலி என்றிருந்த பெண் ஹீராபாய் ஆனது அப்போதுதான். தமையனார் சுரேஷ்பாபு மானேயும், தந்தையின் உறவினரான உஸ்தாத் அப்துல் வஹீத் கானும் அவருக்கு வித்தை தந்தார்கள்.

தந்தையார் நம் இசையிலும் ஈடுபாடு கொண்டவர். தியாகையரின் கீர்த்தனம் ஒன்றை இசைத்தட்டில் பாடி வைத்தவர். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் அவர் ஆவி பிரிந்தது. உடல் மீரஜில் அடக்கமாயிற்று.

இனி அம்மையாரின் துணிவைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் பெண் பாடுவதென்றால் செல்வர் மாளிகையில், அழைத்தோர் முன்னிலையில், அபிநயத்துடன் பாடுவது என்றே பொருள். குடும்பப் பெண்ணுக்கு அது தகாது என்பது ஊராரின் தீர்ப்பு. ஹீராபாயோ 1921இலேயே, பதினாறு வயதில், பம்பாயில் அரங்கேறினார். பின்னர், பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி யாரும் வந்து கேட்கும்படியாகப் பொது அரங்கில் கச்சேரி செய்தார். இந்நாட்டில் அவ்வாறு செய்த முதற் பெண்மணி அவரே என்பர். எளிய புடவையில் தம்பூராக்களுக்கு நடுவே அசையாது அமர்ந்து பாடுவார். கை வீச்சு இல்லை, கண் சிமிட்டு இல்லை. வாயடைத்துப் போன ஊரார், பிறகு தம் பெண்களையே பாட்டு வகுப்புக்கு அனுப்பலாயினர். 1930களில் சென்னையில் பட்டம்மாள் மேடையேறிய கதையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

நாடகத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. பாலகந்தர்வர் போன்ற ஆடவரே பெண் வேடம் பூண்ட மராட்டி இசை நாடக மேடையில், தங்கையரையும் சேர்த்துக்கொண்டு பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்று நடித்தார். பேசும் படம் வந்தபின் குழு நிலைக்கவில்லை; அவருக்கென்று பாட்டு இருந்தது.

அந்தப் பாட்டின் தன்மை என்ன? மின்னல் வேகமன்று, கணக்கு வழக்கன்று. ஒவ்வொரு சுவரத்தையும் அவசரமின்றித் தொட்டு, அதன் இனிமை முழுவதையும் வெளிக்கொணர்ந்த பின்னரே அடுத்ததற்குச் செல்வார். நம் ஆலாபனையை நிதானமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமன்று. தங்கை சரஸ்வதி ராணேயுடன் சேர்ந்து பாடுகையில் இரு குரல்களும் ஒன்றையொன்று முந்த முயலா. கச்சேரி முடிவில் அவர் பாடும் பைரவிக்காகவே மார்கழிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு சவாயி கந்தர்வ விழாவில் விடியும்வரை காத்திருந்ததாக நம் காலனிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவ்விழாவுக்குப் பெயர் தந்த சவாயி கந்தர்வரும் ஹீராபாயின் தந்தையாரிடம் பயின்றவரே.

1965இல் சங்கீத நாடக அகாதமி விருதும், 1970இல் பத்மபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1989 நவம்பரில் இப்புனே நகரிலேயே மறைந்தார். அவரிடமும் சுரேஷ்பாபுவிடமும் கற்ற பிரபா ஆத்ரே அம்மையார், 2024 ஜனவரியில் தாம் மறையும் வரை, தொண்ணூறு வயது கடந்தும் அதே நிதானத்துடன் பாடிக்கொண்டிருந்தார்.