காப்டன் ஜேக்கப் சரிதை

ஆடி மாதத்து மேகமற்ற முன்னிரவொன்றில், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் விளக்கொளி எட்டாத வயல் வரப்பில் நின்று நாம் வானத்தை அண்ணாந்து நோக்குவோமாயின், தலைக்குமேல் சற்றுத் தெற்கே மங்கலான நட்சத்திரம் ஒன்று புலப்படும். பாம்பேந்தி மண்டலத்தைச் சேர்ந்த அதற்கு 70 ஒபியூக்கி என்று பெயர். விளக்குகளின் அருகே வந்தவுடன் அது கண்ணுக்கு மறைந்துவிடும். பேரொளியின் பக்கத்தில் சிற்றொளி தோன்றாது என்னும் இவ்வெளிய உண்மையே, அந்நட்சத்திரத்தை ஆராய்ந்த ஒரு பெரியாரின் வாழ்க்கையிலும் குறுக்கிட்டது. அவர்தாம் சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராய் விளங்கிய வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

இவர் 1813-ம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில் ஒரு குருவின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பயின்று, பம்பாய்ப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1831-ல் இந்தியா வந்தார். தொழில் நிலம் அளத்தல். உள்ளம் நாடியதோ வானம் அளத்தல். 1842-ல் பூனாவில் சொந்தமாக ஒரு சிறு வான ஆராய்ச்சி நிலையம் அமைத்து, 244 இரட்டை நட்சத்திரங்களை ஆராய்ந்து பட்டியல் செய்தார். அப்பட்டியலின் சிறப்பு அவருடைய தகுதியை விளக்கிற்று. 1848-ம் ஆண்டு இறுதியில் சென்னை நிலையத்தின் தலைமை அவரை அடைந்தது.

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் நிறுவப்பெற்ற அந்நிலையத்தின் கருங்கற்றூண் இன்றும் அங்கே நிற்கின்றது. அதில் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. கடற்கரை நகரின் புழுக்கத்தையும் தம் உடல் நலிவையும் பொருட்படுத்தாது ஜேக்கப் இரவுதோறும் விழித்திருந்தார். சனிக்கோளின் மங்கிய உள்வளையத்தினூடே அக்கோளின் உருவம் தெரிவதை 1852-ல் தாமே கண்டறிந்தார்.

70 ஒபியூக்கி என்பது உண்மையில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு நட்சத்திரங்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 88 ஆண்டுகள் ஆகும். கணிதம் காட்டிய இடத்திற்கும் கண்ட இடத்திற்கும் சிறு வேறுபாடு இருப்பதை ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குப் புலனாகாத கிரகம் ஒன்று அவற்றை ஈர்ப்பதே காரணமாகலாம் என்று 1855-ல் எழுதி வெளியிட்டார். வேறொரு சூரியனுக்குக் கிரகம் உண்டு என்று அளவைகளின் துணைகொண்டு உரைத்தவர்களுள் இவரே முதல்வர் எனலாம். நம் சென்னையிலிருந்து அவ்வுரை எழுந்தது நமக்குப் பெருமையே.

ஆயினும் அம்முடிவு நிலைபெறவில்லை. இத்தகைய கிரகம் அங்கே நிலைத்துச் சுற்ற இயலாதென 1899-ல் மௌல்டன் என்னும் அறிஞர் கணித்துக் காட்டினார். இன்றளவும் அவ்விடத்தே கிரகம் எதுவும் உறுதியாகவில்லை.

ஜேக்கப் அக்கிரகத்தை ஏன் நேரே காண முயலவில்லை என்று மாணவர் வினவலாம். நம் வியாழக்கோள் சூரியனொளியில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கே வீசுகின்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஓரத்தில் அமர்ந்த மின்மினியைத் தொலைவிலிருந்து எங்ஙனம் காண்பது? விளக்கைக் கையால் மறைத்தால் ஒருவாறு காணலாம். அங்ஙனமே நட்சத்திரத்தின் ஒளியைத் தொலைநோக்கியினுள் சிறு தட்டினால் மறைக்கும் முறையைப் பிற்காலத்தார் கைக்கொண்டனர். 1984-ல் பீட்டா பிக்டோரிஸ் என்னும் இளநட்சத்திரத்தைச் சூழ்ந்த தூசித்தட்டு இம்முறையால் படமாயிற்று. கிரகங்கள் பிறப்பது இத்தகைய தூசியிலேதான். பிறந்து நெடுங்காலம் ஆகாத கிரகங்கள் வெப்பம் மிகுந்து அகச்சிவப்புக் கதிர்களை வீசுதலால், அவற்றைப் படமெடுத்தல் சற்றே எளிது. 2008-ல் எச்.ஆர். 8799 என்னும் நட்சத்திரத்தின் மூன்று கிரகங்களின் படம் வெளியாயிற்று. அவ்வாண்டே பொமல்ஹாட் என்னும் நட்சத்திரத்தின் அருகே கண்ட புள்ளியும் கிரகமென்றே கொள்ளப்பட்டது. பின்னர் அது கலைந்து மறையும் தூசிமுகில் என ஆராய்ச்சியாளர் 2020-ல் முடிவுகட்டினர். பெருங்கருவிகள் படைத்தோரும் இங்ஙனம் தவறுவரெனின், சிறு கருவியோடு முயன்ற ஜேக்கப்பை நாம் எங்ஙனம் குறைகூறுவோம்?

உடல் நலம் குன்றியமையால் 1859-ல் அவர் சென்னைப் பதவியைத் துறந்தார். தூய காற்றுள்ள மலைமீது ஒரு நிலையம் அமைத்தால் வானம் தெளிவாய்த் தெரியும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அதன்பொருட்டு ஆங்கில அரசாங்கம் 1,000 பவுன் அளித்தது. 1862-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி பம்பாயில் வந்திறங்கினார். 16-ந் தேதி பூனாவில் உயிர்துறந்தார். அப்போது அவருக்கு வயது 48. மலையேறும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

எனினும் அவர் கருதியது பொய்க்கவில்லை. பின்னாளில் கோடைக்கானல் மலையிலும், ஜவ்வாது மலையின் காவலூரிலும் வான ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. அவர் கண்ட விடை பிழையாயிற்று. எழுப்பிய வினாவோ நிலைத்தது. அளந்ததை மறையாது வெளியிட்டமையாலன்றோ பிறர் அதனைத் திருத்தவும் இயன்றது? மாணவ நண்பர்களே, தேர்வில் தவறிய விடையொன்றை எண்ணி நாம் மனம் சோரும்போது, ஆடி மாதத்து வானத்தில் அம்மங்கிய நட்சத்திரத்தைத் தேடிப் பார்ப்போமாக.