வளரும் நரம்பின் நுனியைக் கண்டவர்: நரம்பியல் முன்னோடி ரமோன் இ கஹால்

கையில் வெட்டுண்ட நரம்பு நாளடைவில் மீண்டும் வளர்வதுண்டு. தண்டுவடத்திலும் மூளையிலும் அறுந்த நரம்பிழைகள் அவ்வாறு வளர்வதில்லை. இந்த வேறுபாட்டை நுண்ணோக்கியின் கீழ் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பதிவு செய்தவர், நவீன நரம்பியலின் தந்தை எனப் போற்றப்படும் ஸ்பெயின் அறிவியலாளர் சாண்டியாகோ ரமோன் இ கஹால்.

1852 மே 1 அன்று நவார்ரா பகுதியின் பெட்டியா டி அரகோன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஓவியராக வேண்டும் என்பது சிறுவனின் ஆசை. அறுவை மருத்துவரான தந்தையோ அதை ஒரு பிழைப்பாகவே மதிக்கவில்லை. அடங்காத மகனை முடிதிருத்துபவரிடமும் பின்னர் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பினார். 16 வயதில் அவனைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, அங்கு கிடைத்த எலும்புகளைக் கொண்டு உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரையத் தொடங்கிய கை, அந்த வழியாகவே மருத்துவத்துக்குள் நுழைந்தது. 1873-ல் மருத்துவரான கஹால், ராணுவ மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் உடல் நலிந்து தாயகம் திரும்பினார். சேமிப்புப் பணத்தில் நுண்ணோக்கி ஒன்றை வாங்கினார்.

திருப்புமுனை 1887-ல் வந்தது. இத்தாலியரான கமில்லோ கோல்கி கண்டறிந்த முறையில் சாயமேற்றிய மூளைத் திசுவை மாட்ரிட்டில் கண்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தால், பல அணுக்களுள் சில மட்டும் கறுப்பாகி, கிளைகளோடு முழுமையாகத் தெரியும். ஆயினும் வளர்ந்த மூளையில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கஹால் கருவிலிருந்த கோழிக்குஞ்சு போன்ற இளம் உயிர்களின் மூளையை எடுத்தார். அடர்த்தி குறைந்த அத்திசுவில் ஒவ்வோர் அணுவும் தனித்து நிற்பது புலப்பட்டது. மூளை முழுவதும் தொடர்ச்சியான ஒரே வலை என்று பலரும் நம்பிய காலம் அது. 1888-ல் பார்சிலோனாவில், சொந்தச் செலவில் இதழ் நடத்தி முடிவுகளை வெளியிட்டார். மறு ஆண்டு கண்ணாடித் தகடுகளோடு பெர்லின் மாநாட்டுக்குச் சென்று, ஜெர்மனியின் மூத்த அறிஞர் ஆல்பர்ட் கோலிக்கரை நேரில் காணச் செய்தார். கோலிக்கர் அன்றே அவர் பக்கம் வந்தார்.

1890-ல், வளரும் நரம்பிழையின் முனையில் கூம்பு போன்ற விரிவு இருப்பதைக் கண்டு அதற்கு வளர்கூம்பு எனப் பெயரிட்டார். அவர் பார்த்தது உயிரற்ற திசு. அதிலிருந்து ஓர் அசைவை ஊகித்தார் என்பதே வியப்பு. 1907-ல் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன், உயிருள்ள நரம்பிழை வளர்வதைக் கண்டு அதை உறுதிப்படுத்தினார். 1906-ல் கஹாலும் கோல்கியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசேற்பு உரையிலேயே கோல்கி தனி அணுக் கொள்கையை மறுத்தார்.

பின்னர் கஹாலின் கவனம் நரம்பின் சிதைவுக்குத் திரும்பியது. 1913, 1914-ல் இரு தொகுதிகளாக வந்த நூலில் அவர் காட்டிய உண்மை நுட்பமானது: அறுந்த மூளை இழைகளும் முதலில் துளிர்க்கின்றன, பிறகே வளர்ச்சி நின்றுபோகிறது. அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ டெல்யோ, கால் நரம்பின் துண்டை முயலின் மூளையில் பொருத்தியபோது இழைகள் அதற்குள் புகுந்தன. குறை இழையில் மட்டும் இல்லை, சூழலிலும் உண்டு என்பதற்கான தடயம் இது. முதிர்ந்த மூளையின் பாதைகள் மாறாதவை என்று தீர்ப்பு எழுதிய கஹால், அதை மாற்றும் பொறுப்பை வருங்கால அறிவியலிடம் விட்டார். பாடநூல்கள் நெடுங்காலம் முதல் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருந்தன. 1981-ல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள், இதே ஒட்டு முறையில் எலியின் மைய நரம்பிழைகளை நெடுந்தொலைவு வளரச் செய்தனர். முதிர்ந்த மனித மூளையில் புதிய அணுக்கள் பிறக்கின்றனவா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

கஹாலிடமும் பிழை உண்டு. 1919-ல் அவரது ஆய்வகத்தைச் சேர்ந்த பியோ டெல் ரியோ ஒர்த்தேகா நுண்கிளியா அணுக்களை விவரித்தபோது கருத்து வேறுபாடு முற்றியது. மறு ஆண்டே ஒர்த்தேகா வெளியேற நேர்ந்தது. அல்சைமர் நோய் ஆய்வில் இன்று பெரிதும் பேசப்படுபவை அந்த அணுக்களே.

1934 அக்டோபர் 17 அன்று மாட்ரிட்டில் கஹால் காலமானார். ஓவியராகத் துடித்தவர் வரைந்த நரம்பணுப் படங்கள் இன்றும் மருத்துவப் பாடநூல்களில் அச்சாகி வருகின்றன.