யாழை மீட்ட துறவி

யாழ் என்னும் சொல்லை அறியாத தமிழர் இலர். அதன் ஒலியைச் செவியாற் கேட்ட தமிழரோ பன்னூறாண்டுகளாக இலராயிருந்தனர். ஈழத்தில் ஒரு பட்டினமே அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சங்கப் பாட்டைத் திறந்தால் பாணன் தோளில் யாழ். தேவாரத்தைத் திறந்தால் திருநீலகண்டர் கையில் யாழ். ஆயினும் அக்கருவி எவ்வடிவினது, எத்தனை நரம்புடையது, எவ்வாறு சுருதி கூட்டப்பெற்றது என்று வினவினால், சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் திட்டமாக விடைகூற வல்லார் அரியர். வீணையே யாழ் என்று எழுதி அமைந்தவர் பலர். அவ்விடையைத் தேடுவதில் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டு, விடையை நாட்டார் கையிற் கொடுத்த சில வாரங்களில் உயிர்நீத்தவர் விபுலாநந்த அடிகளார்.

மட்டக்களப்புப் பகுதியைச் சார்ந்த காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாகத் தோன்றினார். பிள்ளைப் பெயர் மயில்வாகனம். அவர் பிறந்த அதே 1892இல்தான் உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றினார். பிற்காலத்தில் அடிகளார்க்கு ஊன்றுகோலாக நின்ற நூல் அதுவே. ஏடும் பிள்ளையும் ஓராண்டில் வெளிப்பட்டமை தற்செயலே எனினும் நினைத்து மகிழத்தக்கது.

கல்வியில் அவர் சென்ற வழி பண்டிதர் வழியன்று, விஞ்ஞானியர் வழியுமன்று, இரண்டும் ஒருங்கே. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று அங்கேயே ஆசிரியராயினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றபின், தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியரானார். யாழாராய்ச்சிக்கு வேண்டிய இரு கண்களும் இவ்வாறு அவர்க்கு வாய்த்தன. உரையாசிரியரைக் கற்றவர்க்கு ஒலிநூற் கணக்கு வாராது. கணக்கு வல்லார்க்கு உரை விளங்காது. இடையிலே ஓர் அகழி கிடந்தது. அதனைத் தாண்ட ஒரே ஆள் இரண்டையும் கற்றிருத்தல் வேண்டும்.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆயினார். மறு ஆண்டிலே ஈழத்துக்கு மீண்டு மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். எங்கள் திருகோணமலையில் மிஷன் நடத்திய இந்துக் கல்லூரிக்கும் சிலகாலம் தலைவராயிருந்தார். மட்டக்களப்பில், கல்லடி உப்போடையில், 1929இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. பள்ளி நிருவாகம் எத்துணைச் சுமை என்பது அதனைச் சுமந்தார்க்கே தெரியும். அச்சுமையினூடே 1926இல் மதங்க சூளாமணி என்ற நூலைச் செய்து, ஆங்கில நாடகப் புலவர் சேக்சுபியரைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒருங்கு வைத்து நோக்கினார். பிறநாட்டுக் கலையைக் கண்டு நம் கலையைத் தெளிவது அவர்தம் இயல்பு.

அவ்வியல்பை ஒட்டி நாமும் சற்றே பிறநாட்டுப் பக்கம் நோக்குவோம். எங்கள் துறைமுகத்துப் பறங்கியர் இல்லங்களிலே கலியாணக் காலத்தில் வயலினும் கிற்றாரும் கூடி ஒலிக்கும் வழக்கம் உண்டு. அக்குடும்பங்கள் அருகிவிட்டமையால் இவ்வொலியும் அருகிவிட்டது. ஒன்று வில்லால் இழைப்பது; மற்றொன்று விரலால் தெறிப்பது. தெறித்த நரம்பின் ஒலி பிறந்தவுடனே தேயத் தொடங்கும். இழைத்த நரம்பின் ஒலி வில் ஓடுமளவும் நீளும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலால் இவ்விணை இனிக்கின்றது. ஐரோப்பியர் பெருமண்டபத்துக்கன்றிச் சிற்றறைக்கென வகுத்த இசையிலும் இவ்விணையைப் போற்றினர். இத்தாலியிற் பிறந்து ஸ்பானிய நாட்டில் வாழ்ந்த பொக்கெரினி (1743–1805) செலோ என்னும் பெரிய வில்லிசைக் கருவியில் வல்லவர். கிற்றார் வாசிக்கும் பிரபு ஒருவர்க்காக அவர் தம் பழைய ஆக்கங்களைத் திருத்தி, செலோ முதலிய நான்கு வில்லிசைக் கருவிகளோடு கிற்றாரையும் சேர்த்து அமைத்தார். தெருவிலும் கூத்திலும் உழன்ற கிற்றார் அவ்வாறு அறையரங்கில் மதிப்புடன் அமர்ந்தது.

நம் முன்னோர் யாழையும் தனியே விட்டாரல்லர். குழல் ஊதுமளவும் நீளும்; யாழ் தெறித்தவுடன் தேயும். மேலே கூறிய அதே இணை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் எனத் தனித்தனி இலக்கணம் கூறி, ஒரு கருவியின் வழி மற்றொரு கருவி எவ்வாறு நிற்கும் என்றும் இளங்கோவடிகள் வகுத்துள்ளார். அடியார்க்குநல்லார் உரையும் அங்கே விரிகின்றது. ஆனால் அவர் காலத்திலேயே இசைநூல்கள் பல இறந்துபட்டன. அவர் எடுத்துக்காட்டும் துண்டுகளை வைத்தே பிற்காலத்தார் முழுமையை உய்த்துணர வேண்டும்.

1931இல் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். 1933இல் அப்பதவியை விட்டார். அரங்கேற்று காதை அவரை விடவில்லை. பின்னர் இமயச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராயிருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆயினார். ஊர்கள் மாறின, உடலும் நலிந்து வந்தது, ஆராய்ச்சி மாறவில்லை.

அவர் கண்டவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சற்று விரிப்போம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 மாத்திரைகளைப் பழையோர் வகுத்தனர். ஒரு நரம்பினின்று எண்ண, நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை. ஏட்டில் இவை உறவுமுறைப் பெயர்களாகவே கிடந்தன. ஒலிநூல் கற்ற அடிகளாரோ அவற்றுள் கணக்கைக் கண்டார். ஒரு நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்கும்போது எழுவது கிளை. நான்கில் மூன்று பங்கு ஒலிக்கும்போது எழுவது நட்பு. கிரேக்கர் கண்ட அதே விகிதங்கள் இவை. இதனை அடிப்படையாகக் கொண்டே, ஒரு பாலையினின்று மற்றொரு பாலை பிறக்கும் முறையை அவர் எண்ணிட்டுக் காட்டினார்.

கருவிகளுள் பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. கிற்றாருக்குப் போல மெட்டுக்கட்டைகள் வில்லைப்போல் வளைந்த பழைய யாழில் இல்லை. செலோவைப்போல நரம்பை விரலால் அழுத்தி இடந்தோறும் ஒலி எழுப்புதலும் இல்லை. ஒரு நரம்புக்கு ஓர் ஒலியே. பாலை மாற வேண்டுமெனில் நரம்புகளைத் திருத்திக் கூட்டல் வேண்டும். ஒரே நரம்பில் பல சுரங்களையும் கமகங்களையும் தரும் வீணை வந்தபின் யாழ் ஒதுங்கியதற்கு இதுவே பெருங்காரணம் என்பது எம் கருத்து. ஒதுங்கியது தாழ்ந்ததென்று கொள்ளற்க. திறந்த நரம்பின் தெளிந்த ஒலி அழுத்திய நரம்புக்கு வாராது.

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழியலாக யாழ்நூல் அமைந்தது. எளிய நூலன்று. அதன் பெயரை மேடையிற் புகழ்வாருள் பாலைத்திரிபியலைத் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து கணக்கிட்டுக் கற்றவர் எத்துணைப் பேர் என்று நாம் பலகால் எண்ணியதுண்டு.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட முன்வந்தது. சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், 1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5, 6ஆம் நாள்களில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் அது. அடிகளார் கணக்கின்படி புதிதாகச் செய்யப்பெற்ற கருவிகள் அவையில் வைக்கப்பெற்றன; அவற்றை இசை வல்லார் மீட்டினர். மீட்டல் என்னும் சொல் தமிழில் நரம்பைத் தெறித்தலையும் குறிக்கும். இழந்ததைத் திரும்பப் பெறுதலையும் குறிக்கும். அன்று அவ்வவையில் இரு பொருளும் ஒருங்கே நிகழ்ந்தன. பலநூறாண்டு வாய்மூடிக் கிடந்த ஒன்று பேசிற்று. அதனைப் பேசுவித்தவர் உடல்நலங் குன்றிய நிலையில் அங்கே அமர்ந்திருந்தார்.

ஆறு வாரம் கழிந்தது. 1947 சூலை 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் இயற்கை எய்தினார். அப்போது அவர்க்கு அகவை 55. உடலைக் கல்லடி உப்போடைக்குக் கொணர்ந்து, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தனர். அண்மை ஆண்டுகளில் தமிழகத்துக் கருவி செய்வோர் சிலர் மீண்டும் யாழ் வடித்து வாசிக்கத் தொடங்கியுள்ளனர். கச்சேரி மேடைகளில் அதற்கு இன்னும் நிலையான இடம் இல்லை; அருகே குழலூதித் துணைநிற்பாரையும் காண்பது அரிது. யாழ்நூலின் இரண்டாம் பதிப்பு 1974இல் வெளிவந்தது. முதற் பதிப்புக்கும் அதற்கும் இடையே 27 ஆண்டுகள் கடந்திருந்தன.