எஃப்.ஏ. பாஸ் பண்ணாத குமாஸ்தா



ஐந்தாவது செமஸ்டர் முடிந்தாலே நம் ஹாஸ்டலில் ஒரே பேச்சுதான்... பயோடேட்டா! யார் மாடலைப் பார்த்து எழுதுவது, அரியர் இருந்தால் காட்டுவதா, மறைப்பதா? எனக்கு இரண்டு அரியர். அந்த வரியையே விட்டுடு, யார் கேட்கப் போறாங்க என்றார் ஒரு சீனியர். அந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் நூலகத்தில் கணிதமேதை சீனிவாச இராமானுஜன் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. அவருடைய கணக்கு எனக்குப் புரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவர் வேலை கேட்டு அலைந்த கதை மட்டும் நன்றாகவே புரிந்தது.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904-ல் உதவித்தொகையோடு அங்குள்ள அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் திரும்பியே பார்க்கவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. எஃப்.ஏ. என்றால் மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு, ஏறக்குறைய நம்ம ப்ளஸ் டூ மாதிரி. ஆக, கணக்கில் புலியான மனுஷர் அரியரை கிளியர் பண்ண முடியாமலேயே வெளியே வந்துவிட்டார்! 1909-ல் கல்யாணமும் ஆனது. இனி சம்பாதித்தாக வேண்டும்.

சர்டிபிகேட் இல்லாதவர் எதைக் காட்டுவார்? கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்களைத்தான் தூக்கிக்கொண்டு போனார். 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயரைப் பார்த்து ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான். நோட்டைப் புரட்டியவர், இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைக்க மனமில்லாமல், தெரிந்த கணிதக்காரர்களிடம் அனுப்பி வைத்தார். அந்த வழியில் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஆனால் சும்மா உட்கார்ந்து அடுத்தவர் காசில் சாப்பிட இராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை.

1912 பிப்ரவரி 9. திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு மதராஸ் போர்ட் டிரஸ்டின் சீஃப் அக்கவுண்டன்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நான் மூன்று தடவை படித்தேன். மொத்தமே சில வரிகள்! மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார். எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்றும் ஒரே வரியில் முடிக்கிறார். பாஸ் என்று எழுதவில்லை. அழுது புலம்பவும் இல்லை. அடுத்த வரியே, அன்று முதல் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட்டிருப்பதாகச் சொல்லி, இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்கிறார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசும் இருந்தது. தன் தேற்றம் ஒன்றைக்கூட அதில் எழுதவில்லை பாருங்கள்! கணக்குப்பிள்ளை வேலைக்கு அது எதற்கு?

மார்ச் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

மறு வருடம் 1913 ஜனவரி 16-ல் இன்னொரு கடிதம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு. அதற்கு முன்பே வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்த்தும் பலனில்லை. இதிலும் முதலிலேயே உண்மை: போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுண்டுதான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. ஆனால் இந்தத் தடவை தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்துவிட்டார், நூற்றுக்கும் மேல்! படிக்கப் போகிற ஆளுக்கு எது வேண்டுமோ அது. (வயதை மட்டும் சுமார் 23 என்று எழுதியிருக்கிறார். உண்மையில் 25. நாம் அப்படி எழுதினால் டி.சி.யோடு ஒத்துப் பார்த்துப் பிடித்துவிடுவார்கள்!)

ஹார்டி நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அதை ஆராய்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை, 1914 மார்ச்சில் கப்பல், 1918-ல் எஃப்.ஆர்.எஸ். நோயோடு 1919-ல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் கண்ணை மூடினார். வயது 32.

1916-லேயே ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்துவிட்டது. நம்ம ஊர் எஃப்.ஏ. மட்டும் கடைசி வரை பாஸ் ஆகவில்லை!

நேற்று ராத்திரி என் பயோடேட்டாவை மறுபடி எழுதினேன். நான்கு பக்கம் ஒரு பக்கமாகிவிட்டது. இரண்டு அரியரும் ஒரே வரியில் இருக்கிறது, கீழேயே நான் வைண்டிங் செய்த மோட்டார்களின் கணக்கும் இருக்கிறது. சீனியரிடம் இன்னும் காட்டவில்லை.