தூரிகையை எப்போது கீழே வைப்பது?



படம் வரையத் தொடங்குவது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பூசிப் பூசியே நல்ல படத்தைக் கெடுத்துவிடும் பிள்ளைகள் உண்டு. பாதியிலேயே போதும்னு எழுந்து ஓடும் பிள்ளைகளும் உண்டு. இந்த ஒரு கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்றவர் போல் செசான் என்னும் ஓவியர். அவர் கதையைக் கேளுங்கள்.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் எக்ஸ் என்ற ஊரில் 1839-ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா தொப்பி வியாபாரம் செய்து, பிறகு வங்கி நடத்திப் பணக்காரர் ஆனவர். மகன் வக்கீலாகணும் என்பது அவருடைய ஆசை. மகனும் சட்டம் படித்துப் பார்த்தார், மனம் ஒட்டவில்லை. 1861-இல் ஓவியம் கற்கப் பாரிசுக்குப் போனார். அரசாங்க ஓவியப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. பெரிய கண்காட்சிக்கு அனுப்பிய படங்களோ போன வேகத்திலேயே திரும்பி வந்தன. 1882-இல் ஒரே ஒரு முறைதான் அவர் படத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

காரணம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் முடிந்த படம் என்றால் தூரிகைத் தடமே தெரியாமல் வழுவழுவென்று இருக்க வேண்டும். செசான் படத்திலோ வண்ணம் திட்டுத் திட்டாகத் தெரியும். அரைகுறை வேலை என்று சிரித்தார்கள்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இளமையில் கருமையான வண்ணங்களைக் கத்தியால் கனமாக அப்பி வரைந்தவர், 1872 முதல் தம்மைவிட 9 வயது மூத்த பிசாரோ என்ற ஓவியரோடு வெட்டவெளியில் நின்று வரையப் பழகினார். பிசாரோவின் படம் ஒன்றை அப்படியே பார்த்து வரைந்தும் கற்றுக்கொண்டார். கை மாறியது, வண்ணமும் வெளிச்சமானது.

பிறகு தமக்கென்று ஒரு வழியை அமைத்துக்கொண்டார். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போவது அவர் வழக்கமல்ல. படம் முழுவதும் சேர்ந்தே வளரும். இங்கே ஒரு பச்சை வைத்தால் அங்கே உள்ள நீலத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். வெகுநேரம் பார்த்த பிறகே அடுத்த தீற்றல் விழும். பூக்களை வைத்து வரைந்தால் படம் முடிவதற்குள் அவை வாடிவிடும். அதனால் காகிதப் பூக்களையும் வைத்து வரைந்தார்!

1899-இல் வொல்லார்ட் என்ற ஓவிய வியாபாரியை வரைந்தார். அவர் 115 தடவை வந்து அசையாமல் உட்கார வேண்டியிருந்ததாம். அத்தனைக்குப் பிறகும் படத்தில் கைப் பகுதியில் இரண்டு சின்ன இடங்கள் வண்ணமில்லாமல் இருந்தன. வியாபாரி அதைப் பற்றிக் கேட்டார். சரியான வண்ணம் தெரியாமல் எதையாவது அங்கே வைத்தால், அந்த இடத்திலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டிவரும் என்பது செசானின் பதில். அப்படியே நிறுத்திவிட்டார். சோம்பலால் நிறுத்தவில்லை, பாருங்க. தெரியாததைத் தெரிந்ததுபோலப் பூசி மறைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

பால்மரம் சீவியவர்களுக்கு இது புதிதல்ல. கத்தி மேலாகப் போனால் பால் இறங்காது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும். எவ்வளவு போதும் என்பதைப் பழகிய கையும் கண்ணும்தான் சொல்லும். ஒருநாளில் வருவதா அது?

செசானின் படங்கள் மட்டுமே இடம்பெற்ற முதல் கண்காட்சி 1895-இல் நடந்தபோது அவருக்கு வயது 56. தம் ஊர் மலையான செந்த் விக்துவாரை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். 1906 அக்டோபரில் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து மயங்கி விழுந்தார். மறுநாளும் தூரிகையைத் தொட்டார். சில நாட்களில், 22-ஆம் தேதி, காலமானார். பல ஆண்டுகள் உழைத்த பெரிய படமொன்று முடியாமலே நின்றது. ஆனால் அரைகுறை என்று உலகம் சிரித்த அந்தப் படங்களிலிருந்துதான் பிக்காசோ, மத்தீஸ் போன்ற மேதைகள் பாடம் கற்றார்கள்.

பெற்றோர்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளையும் உங்கள் வீட்டில் இருக்கலாம். அந்தப் பிள்ளை படமோ கட்டுரையோ கொண்டுவந்து காட்டினால், முடிச்சிட்டியா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இதில் எந்த இடம் உனக்குத் திருப்தி, எந்த இடம் இன்னும் பிடிபடவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாணவர்களே, அதற்கு உண்மையான பதில் சொல்லப் பழகுங்கள். தூரிகையை எப்போது கீழே வைப்பது என்பது உங்களுக்கே தெரியவரும்.