கதவுகளுக்கு எண் போட்டவர்

வெப் புராஜெக்ட் பண்ணும் நண்பர்களே! எக்ஸாம்ப்பில் ஸ்டார்ட் அழுத்தியதும் அப்பாச்சி ஓடாமல், 80-வது போர்ட்டை வேறு புரோகிராம் பிடித்திருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்குமே? யாருடா இந்த நம்பரை வச்சதுன்னு திட்டாதவங்க நம்ம செட்டுல இல்லை. அந்த எண் பட்டியலைக் காத்தவர் பெயர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6-ல் கலிபோர்னியாவில் பிறந்தார். 1969-ல் இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட் தொடங்கியபோது, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். தகவல் ஒரு கம்ப்யூட்டர் வரை வந்துவிடும். உள்ளே ஓடும் பத்து புரோகிராமில் எதனிடம் போவது? ஒரே காம்ப்ளக்ஸில் பத்து கடை இருந்தால் கடை நம்பர் வேணுமில்லீங்களா, அதேதான். ஆனால் ஆளுக்கொரு நம்பர் வைத்துக்கொண்டால் குழப்பமே மிஞ்சும். 1972-ல் போஸ்டல் ஒரு யோசனை எழுதினார்: எண்களை ஒருவரே வழங்கட்டும், அது நானாக இருக்கலாமா என்று ஒரு கேள்விக்குறியோடு! அன்று அவர் டாக்டர் பட்டம்கூட வாங்கவில்லை, அது 1974-ல்தான்.

சாகும்வரை அந்த வேலையை விடவில்லை. உடன் உழைத்தவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற பெண்மணி. பைல் அனுப்ப 21, மெயிலுக்கு 25. மெயிலுக்கான விதிமுறையை 1982-ல் எழுதியவரும் போஸ்டலே. இருவரும் வெளியிட்ட 1986 பட்டியலில் 127 என்ற முகவரி, மெஷின் தன்னோடு தானே பேச ஒதுக்கப்பட்டது. 1992 பட்டியலில் வெப்புக்கு 80 வந்தது. ஆக, நாம் லேபில் தட்டும் 127.0.0.1, அதன் பின்னால் மறைந்திருக்கும் 80, ரெண்டுமே ஒரே பட்டியலின் பிள்ளைகள்.

நீண்ட தாடி, காலில் சாதா செருப்பு, லீவு கிடைத்தால் மலையேற்றம். ஆள் அவ்வளவுதான். அவர் கொடுத்த எண்ணை ஏற்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. நம்பிக்கை ஒன்றே பலம். 1998 ஜனவரியில் அவர் ஒரு மெயில் அனுப்பியதும், இன்டர்நெட் பெயர்களுக்கு ஆதாரமான 8 ரூட் சர்வர்கள் அரசு ஒப்பந்தக் கம்பெனியை விட்டு அவர் பக்கம் திரும்பின. அமெரிக்க அரசு அதட்டிய பிறகே பழையபடி மாற்றச் சொன்னார். தனி மனிதர் கையில் இவ்வளவு இருப்பது சரியா என்று அன்றே கேட்டார்கள். என்னைக் கேட்டால், நியாயமான கேள்விதான்.

அதே ஆண்டு அக்டோபர் 16-ல், இதய ஆபரேஷனுக்குப் பிறகு, 55 வயதில் இறந்தார். அவர் வேலையை ஏற்க ஐகான் என்ற அமைப்பு அதற்குச் சில வாரம் முன்புதான் உருவாகியிருந்தது.

பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் நண்பர்களே, கான்பிக் பைலில் லிசன் 80-ஐ 8080 ஆக்கினால் மட்டும் போதாது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பின்னால் ஒரு கோலன் போட்டு 8080-ஐயும் அடிக்க வேண்டும். நம்பர் சொல்லாவிட்டால் அது நேராக 80-வது கதவைத்தான் தட்டும்.