மல்லர் காமா

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் உடப்பு ஊர் முழுவதும் திரௌபதியம்மன் ஆலயத்தின்பால் திரும்பிவிடும். பாரதக் கதையையே உயிராகக் கொண்ட அப்பெருவிழா தீமிதிப்பில் உச்சநிலை எய்துவதைப் புத்தளக் கரையோரத்தார் யாவரும் அறிவர். கரைவலை இழுத்துத் தோளுரம் பெற்ற மக்களின் நடுவே வளரும் பிள்ளைகளுக்குப் பாண்டவருள் வீமனிடத்தே தனிப்பற்று உண்டாவது இயல்பு. சராசந்தனோடும் கீசகனோடும் அவன் புரிந்த மற்போர்களைக் கேட்ட மாணவன் ஒருவன், இத்தகைய மனிதன் உலகில் இருந்திருத்தல் கூடுமோ என்று ஆசிரியரை வினவுவானாயின், அவர் எடுத்துக்காட்டத் தக்க வாழ்வு ஒன்று சென்ற நூற்றாண்டிலேயே நிகழ்ந்திருக்கிறது. அது காமா என்னும் மல்லரின் வாழ்வு.

குலாம் முகம்மது என்பது அவரது இயற்பெயர். 1878ஆம் ஆண்டு, பஞ்சாபில் குடியேறிய காஷ்மீர மல்லர் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். ஏறக்குறைய ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனார் அவரை ஏற்றுக்கொண்டார். சிறிது காலத்தில் அவரும் மறைந்தார். பின்னர் மாமன் ஈதா பயில்வானே பிள்ளையைக் கோதாவில் இறக்கி வித்தையைத் தொடங்கி வைத்தார். தகப்பன் விட்டுச் சென்ற கலையை உறவினர் கைமாற்றிக் கைமாற்றிக் காத்து அவனுடைய மகனிடம் சேர்த்தனர். காமாவின் பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள இச்செய்தியை நினைவில் இருத்துதல் வேண்டும்.

பத்து வயதில் ஜோத்பூர் அரசர் நடத்திய பஸ்கிப் போட்டியில் அவர் கலந்துகொண்டார். நானூறுக்கு மேற்பட்ட மல்லர் கூடிய அவ்விடத்தில், இறுதிவரை சோர்வுறாது நின்ற பதினைவருள் இச்சிறுவனும் ஒருவன். அரசர் வியந்து அவனையே வெற்றியாளன் என்று அறிவித்தார். பின்பு தத்தியா சமஸ்தானம் அவரைப் பேணிற்று. நாள்தோறும் ஐயாயிரம் பஸ்கியும் மூவாயிரம் தண்டாலும் எடுத்தார் என்றும், ஐயாயிரம் போர்களில் ஒன்றிலேனும் தோற்றிலர் என்றும் கூறுவர். இக்கணக்குகளை எவர் அருகிருந்து எண்ணினரோ! புகழ்பெற்றோரைச் சுற்றி எண்கள் பெருகுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். அவ்வெண்களின் துணையின்றியே காமாவின் பெருமை நிலைபெறும்.

1910ஆம் ஆண்டு தம்பி இமாம் பக்ஸுடன் இங்கிலாந்து சென்றார். உயரத்திற் குறைந்தவர் என்று சொல்லி அங்குள்ளோர் அவரைப் போட்டியிற் சேர்க்க மறுத்தனர். எந்த எடையினராயினும் மூவரை அரை மணி நேரத்துள் வீழ்த்துவேன் என்று அவர் அறைகூவல் விடுத்தார். முதலில் இது விளம்பரத் தந்திரம் என்றே கருதப்பட்டது. அமெரிக்க மல்லரும் மருத்துவருமான பெஞ்சமின் ரோலர் முன்வந்து, முதற்சுற்றில் இரண்டு நிமிடத்துள்ளும் அடுத்த சுற்றில் பத்து நிமிடத்துள்ளும் வீழ்ந்த பின்னரே இலண்டன் விழித்தது.

செப்டெம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் நிகழ்ந்த போர் விந்தையானது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே கீழே தள்ளப்பட்ட ஸ்பிஸ்கோ, விரிப்பைத் தழுவிக்கொண்டு ஆமைபோல் ஒடுங்கிவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் அவரைப் புரட்ட இயலவில்லை. நம் நாட்டுக் கோதாவின் பதமண்ணிலே பயின்ற கால்களுக்கு மேனாட்டு விரிப்பு புதிது என்பதையும் ஈண்டு கருதவேண்டும். முடிவின்றி நின்ற போரை ஒருவாரம் கழித்துத் தொடர ஏற்பாடாயிற்று. குறித்த நாளிலே காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றிக் கச்சை காமாவுக்கே வழங்கப்பட்டது. எனினும், எதிரி வராமையாற் கிடைத்த வெற்றி எந்த வீரனுக்கும் முழுச்சுவை தருவதன்று. அந்நாளில் உலகப் புகழ்பெற்றிருந்த அமெரிக்கர் பிராங்க் கொட்சும் அவரோடு பொருதவில்லை.

தாயகம் திரும்பிய காமா, அலகாபாத்தில் ரஹீம் பக்ஸ் சுல்தானிவாலாவை வென்று இந்தியப் பெருமல்லர் பட்டத்தைப் பெற்றார். ஏழடியை எட்டும் நெடியவரான ரஹீமோடு அவர் முன்னர்ப் பொருது சமநிலையிலே நின்றவர். வயதால் மூத்த அவ்வெதிராளியையே தமக்கு நிகராக இறுதிவரை மதித்தாராம். 1928ஆம் ஆண்டு பட்டியாலாவிலே ஸ்பிஸ்கோ மீண்டும் எதிர்வந்தார். இருவரும் ஐம்பதை அணுகியோர். இம்முறை போர்க்களம் நம் நாட்டு மண். பதினெட்டாண்டுக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குள்ளாகவே முடிந்தது. பட்டியாலா மன்னர் வெள்ளிக் கதாயுதம் ஒன்றைப் பரிசளித்தார். வீமனை அறிந்தோர்க்கு அப்பரிசின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை.

அதன்பின் அவரை எதிர்க்கத் துணிந்தோர் மிகச் சிலரே. தக்க எதிரி இல்லாத வீரன் யாது செய்வான்? 1947இல் நாடு பிரிந்தது. காமா இலாகூரில் இருந்தார். தம் தெருவிலே வாழ்ந்த இந்துக்களைத் தாக்கத் திரண்ட கூட்டத்தின் முன்னே மருமக்களோடும் மாணவரோடும் நின்று தடுத்து, பின்பு அவர்களை எல்லைக்கு அனுப்பிவைத்தார் என்பர். கோதாவிலே பெற்ற எந்த வெற்றியினும் இதனையே நான் மேலாக எண்ணுகிறேன்.

சமஸ்தானங்கள் மறைந்தபோது மல்லரைப் பேணிய கைகளும் மறைந்தன. பாலும் நெய்யும் வாதுமையும் அளவின்றி வேண்டும் அக்கலைக்கு அரண்மனையே ஆதாரமாயிருந்தது. தம் ஆண்மக்களை இளவயதிலேயே இழந்திருந்த காமா, தம்பி இமாம் பக்ஸின் மைந்தரைத் தம் வித்தைக்கு வாரிசாக்கினார். மாமன் தமக்குச் செய்ததை இவர் தம்பி பிள்ளைகளுக்குச் செய்தார். மூத்தவர் போலு 1949இல் கராச்சியிலே வென்று பாகிஸ்தானின் பெருமல்லர் ஆனார். அஸ்லம், அக்ரம் முதலிய இளையோரும் அவ்வழியே நடந்தனர். ஆசிரியருடைய இறுதிக்காலமோ நோயிலும் பணமுடையிலும் கழிந்தது. எல்லைக்கப்பால் இருந்து தொழிலதிபர் பிர்லா பொருளுதவி செய்தார். பாகிஸ்தான் அரசும் மருத்துவச் செலவை ஏற்றது. 1960 மே 23ஆம் நாள் இலாகூரிலே காமா மறைந்தார்.

அவர் பயிற்றிய குடும்பத்துக்கு வந்த கடுஞ்சோதனையை அவர் காணவில்லை. குத்தும் உதையும் கலந்த கிக்பொக்சிங் யப்பானிலே வேரூன்றி, பல்வகைப் போர்முறைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிய காலம் அது. 1976 ஜூனில் தோக்கியோவிலே முகம்மது அலியின் கால்களை உதைத்து உதைத்துப் போரைச் சமநிலையில் முடித்த அந்தோனியோ இனோக்கி, அவ்வாண்டு டிசெம்பரிற் கராச்சிக்கு வந்து அக்ரமின் கையை முறுக்கி முறித்தார். மண்ணிலே முதுகு படுதலையே தோல்வியாகக் கொண்ட கலைக்கு, மூட்டுகளைக் குறிவைக்கும் அப்பிடி அயலானது. 1979இல் அஸ்லமின் மகன் ஜாரா, இருபது வயதும் நிரம்பாத இளைஞர், இலாகூரிலே இனோக்கியை எதிர்கொண்டார். ஐந்து சுற்றுகள் முடிந்தபோது இனோக்கி தாமே அவ்விளைஞரின் கையைத் தூக்கிக் காட்டினார். ஜாரா 1991இல் இளவயதிலே காலமானார். அதன்பின் 2014இல் முதியவரான இனோக்கி, ஜாராவின் உடன்பிறந்தாருடைய மகனான சிறுவன் ஒருவனை யப்பானுக்கு அழைத்துச் சென்று பயிற்சியளிக்க ஏற்பாடு செய்தார்.